படிக்கட்டின் பணி ஓய்வு

ஆலங்கரை அரசு கலைக் கல்லூரியின் படிக்கட்டு நிரந்தரப் பணியில் இருந்தது. காலை ஒன்பதே முக்காலுக்கு ஆசிரியர்களோடு சேர்ந்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும். மாலை நாலரைக்கு இன்னொரு கையெழுத்து. அது ஒரு நாள்கூட விடுப்பு எடுத்ததாக யாருக்கும் நினைவில்லை. கல்லூரியில் அதைவிட மூத்தவர் ஒருவரும் இல்லாததால் முதல்வர் கோபாலரத்தினமே தினமும் முதல் படிக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டுத்தான் ஏறுவார்.

மூன்று வருடத்துக்கு ஒருமுறை படிக்கட்டுக்குப் பதவி உயர்வு வந்தது. ஒவ்வொரு பதவி உயர்வுக்கும் ஒரு படி கூடியது. வேலைக்குச் சேர்ந்தபோது பதினெட்டு படிகள். இப்போது நாற்பத்தொன்று. அதற்குத் தகுந்தாற்போல மாடியும் மேலே போய்க்கொண்டிருந்தது.

பூங்கோதை அங்கே இரண்டாம் ஆண்டு வரலாறு படித்தாள். சக்கர நாற்காலியில் வருவாள். அம்மா காலையில் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவாள். வகுப்பு மாடியில். கீழே விலங்கியலும் வேதியியலும் நடந்தன. வரலாற்றைக் கீழே நடத்த முடியாது என்று கல்லூரி நிர்வாகம் விளக்கியிருந்தது. கீழே நடத்தினால் அது விலங்கியல் ஆகிவிடும்.

ஆகவே பூங்கோதை வகுப்பறை ஜன்னலுக்கு நேர் கீழே, வேப்பமரத்தடியில் இருந்து படித்தாள். விரிவுரையாளர் அமலோற்பவம் நல்ல மனுஷி. பாடம் நடத்தும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்துக் கத்துவார். போர்கள் எல்லாம் தெளிவாகக் கேட்டன. ஆனால் வென்றவர் பெயரைச் சொல்லும் நேரத்தில் சரியாகப் பக்கத்து மில்லின் சங்கு ஊதிவிடும். பூங்கோதையின் நோட்டில் முப்பத்தேழு போர்கள் இருந்தன. ஒவ்வொன்றின் கடைசியிலும் ‘யாரோ வென்றார்’ என்று எழுதியிருந்தாள்.

வருகைப் பதிவேட்டில் இந்த வருடம் அவளுக்குத் தனிக் குறி வந்தது. வந்தவர்களுக்கு ‘உ’. வராதவர்களுக்கு ‘இ’. பூங்கோதை வந்தும் இருந்தாள், மேலே இல்லாமலும் இருந்தாள். அதனால் அவள் கட்டத்தில் கீழ்நோக்கி ஒரு அம்புக்குறி போட்டார்கள். அழகாகவே போட்டார்கள். ஆனால் பருவம் முடியும்போது அம்புக்குறிகளைக் கூட்ட வழியில்லை. நூற்றுக்கு எழுபத்தைந்து வருகை இல்லாதவர்கள் தேர்வு எழுத முடியாது. தேர்வு எழுதாதவர்கள் கீழ் வகுப்புக்குப் போக வேண்டும். அங்கேயும் மாடி இருந்தால் அதற்கும் கீழே.

இது வெறும் மிரட்டல் இல்லை. போன வருடம் தேவகுஞ்சரி என்று ஒரு பெண் இருந்தாள். காலில் காலிபர் என்ற இரும்புத் தாங்கியை மாட்டி நடப்பவள். அவள் முதலில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போனாள். பிறகு எட்டு. போன மாதம் பூங்கோதை அவளைப் பேருந்து நிலையத்துக்கு வெளியே பார்த்தாள். நீலப் பினோஃபார், கழுத்தில் தண்ணீர் பாட்டில். மூன்றாம் வகுப்பு ‘ஆ’ பிரிவாம். உயரமும் குறைந்திருந்தது. “வாய்ப்பாடு ஈஸியாத்தான் இருக்கு” என்று தேவகுஞ்சரி சொன்னாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த மாதம் எட்டாம் தேதி பூங்கோதைக்கு ஒரு குறிப்பாணை வந்தது. எண்பத்து மூன்று அம்புக்குறிகள், வருகை பூஜ்யம். இருபதாம் தேதி பட்டியல் மூடப்படும்.

அவள் அன்றைக்கே மனு எழுதினாள். படிக்கட்டுக்குப் பக்கத்தில் சரிவாக ஒரு சாய்தளம் வேண்டும் என்று நாலே வரி. அலுவலகமும் மாடியில்தான். சகாயராஜ் கொண்டுபோய்க் கொடுத்தான். அவன் மூன்றாம் ஆண்டு தமிழ் இலக்கியம். பிறவியிலேயே பார்வை இல்லை. அவனுக்கும் படிக்கட்டுக்கும் ஆகாது. படிகளை எண்ணித்தான் ஏறுவான், எண்ணித்தான் இறங்குவான். படிக்கட்டுக்குப் பதவி உயர்வு வந்தால் ஆணையை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். பலகையை அவனால் படிக்க முடியாது. முன்தினம் வரை நாற்பது, மறுநாள் நாற்பத்தொன்று. இல்லாத தரையில் காலை வைத்தபோதுதான் அவனுக்குச் செய்தி தெரியும். போன தடவை முன்பல் ஒன்று உடைந்தது.

மனு மறுநாள் திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு வரி. ‘மனுதாரர் இணைக்கப்படவில்லை.’

அலுவலகக் கண்காணிப்பாளர் மங்கையர்க்கரசி பதினோரு மணிக்குத் தேநீர் குடிக்கக் கீழே கேன்டீனுக்கு வருவார். பூங்கோதை அங்கே காத்திருந்தாள்.

“மேடம், என்னை எப்படி மேடம் இணைக்கிறது?”

“மேல வந்து கேட்டா சொல்லலாம். கீழ இருக்கிறப்போ நான் ஆபீஸ் இல்லம்மா. கீழ நான் வெறும் மங்கை.”

அவர் பொய் சொல்லவில்லை. கீழே வரும்போது அவருடைய அடையாள அட்டையில்கூட ‘மங்கை’ என்றுதான் இருந்தது. மிச்சப் பெயர் மாடியிலேயே தங்கிவிடும்.

கண்காணிப்பாளர் தேநீரை வைத்துவிட்டு இரண்டு கையாலும் முழங்கால்களை அமுக்கிக்கொண்டார். கண்களை மூடிக்கொண்டு அமுக்கினார். பூங்கோதை அதைப் பார்த்தாள்.

“மங்கையக்கா, முட்டி ரொம்ப வலிக்குதா?”

அவர் கண்ணைத் திறந்தார். அந்தக் கல்லூரியில் யாரும் அவரை அக்கா என்று கூப்பிட்டதில்லை. கூப்பிடும் அளவுக்கு அவர் கீழே அதிக நேரம் இருந்ததும் இல்லை. அதன் பிறகு கால்மணி நேரம் அவர் பேசிக்கொண்டே இருந்தார். வேலைக்குச் சேர்ந்தபோது முப்பத்திரண்டு படி. ஒரு நாளைக்கு நாலு தடவை. டாக்டர் ஏறவே கூடாது என்று சொல்லிவிட்டார். இதைப் பற்றி அவரே இரண்டு மனு எழுதிப் பார்த்தார். மனுவை வாங்கும் அதிகாரியும் அவரே என்பதால் இரண்டையும் நிராகரிக்க வேண்டியதாகிவிட்டது.

கிளம்பும்போது குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னார். படிக்கட்டு இருக்கும்வரை பக்கத்தில் சாய்தளம் வராது. ஒரு பணியிடத்தில் இருவரை வைக்க விதி இல்லை. படிக்கட்டு ஓய்வு பெற வேண்டும். ஆனால் அதன் பணிப் பதிவேட்டில் பிறந்த தேதி எழுதும் கட்டம் காலியாக இருக்கிறது.

“பொறக்காதவங்களுக்கு எப்படிம்மா வயசு ஆகும்?” என்று கேட்டுவிட்டு, ஒவ்வொரு படியாக, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறிப்போனார். மேலே போகப் போக அவர் பெயர் நீண்டுகொண்டே போனது.

பூங்கோதைக்கு அன்று முதல்முறையாகத் தான் படிப்பது வரலாறு என்று உறைத்தது. ஒன்று எப்போது தொடங்கியது என்று கண்டுபிடிப்பதற்குத்தானே அந்தப் படிப்பு. அவள் தேடத் தொடங்கினாள்.

நூலகத்தில் இரண்டு நாள் பழைய ஆண்டு மலர்களைப் புரட்டினாள். எல்லாப் புகைப்படங்களிலும் படிக்கட்டு இருந்தது. நடுவில், விறைப்பாக, மாலையோடு. தேதி மட்டும் இல்லை. கட்டடத்துக்கு அடிக்கல் ஒன்று நாட்டியிருப்பார்களே என்று விசாரித்தாள். கலையரங்கத்துக்கு முன்னால் இருப்பதைக் காட்டினார்கள். அது கலையரங்கத்தினுடையது. சைக்கிள் நிறுத்துமிடத்தில் இருப்பதைக் காட்டினார்கள். அது சைக்கிள் நிறுத்துமிடத்தினுடையது. படிக்கட்டுக்கு எது என்று யாருக்கும் தெரியவில்லை. ஏறுகிறவர்கள் மேலே பார்த்துத்தான் ஏறுகிறார்கள்.

பதின்மூன்றாம் தேதி மதியம் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க வேறு இடம் இல்லாமல் பூங்கோதை படிக்கட்டின் அடிப்பக்கத்துக்குள் நாற்காலியை உருட்டினாள். உடைந்த பெஞ்சுகளும் துடைப்பங்களும் கிடந்த மூலை. நிற்கிறவர்கள் உள்ளே போனால் தலை இடிக்கும். அதனால் பல வருடமாக ஒருவரும் முழுசாக உள்ளே போனதில்லை. அவள் நேராகப் போனாள். எதுவும் இடிக்கவில்லை. சுவர் ஓரத்தில், அவள் கண்ணுக்கு நேராக, சதுரமாக ஒரு புடைப்பு இருந்தது.

அவள் சகாயராஜை அழைத்துவந்தாள். வருடா வருடம் அடித்த சுண்ணாம்பு, எழுபது பூச்சு இருக்கும். கண்ணுக்கு வெறும் சுவர்தான். சகாயராஜ் குனிந்து உள்ளே வந்து சுவரில் கையை வைத்தான். கொஞ்ச நேரம் தடவினான். பிறகு சிரித்தான்.

“எழுத்து இருக்கு, பூங்கோதை. அடியில இருக்கு. நல்லா ஆழமா வெட்டியிருக்கான்.”

மர எழுத்துகளைத் தடவிப் பழகிய விரல் நுனியால் அவன் எழுத்தெழுத்தாகப் படித்தான். அவள் எழுதிக்கொண்டாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. இக்கல்லூரியின் மாடிப்படிக்கு இன்று அடிக்கல் நாட்டப்பட்டது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்று, ஜூன் பதினான்கு.

அவன் தேதியைச் சத்தமாகச் சொன்னதும் தலைக்கு மேலே படிக்கட்டு ஒருமுறை நடுங்கியது. மண் கொட்டியது. இருவரும் அசையாமல் இருந்தார்கள்.

“பொறந்த நாளை யாரும் அதுகிட்ட சொன்னதில்ல போல” என்றான் சகாயராஜ்.

அறுபதில் ஓய்வு. அது பதினோரு வருடம் கூடுதலாக வேலை பார்த்திருக்கிறது.

பூங்கோதை இரண்டு நாள் சுண்ணாம்பை நனைத்து நனைத்துச் சுரண்டினாள். பிறகு கல்வெட்டு ஆய்வாளர்கள் செய்வதுபோல் தாளை ஈரமாக்கிக் கல்லில் அப்பி, மேலே மையை ஒற்றி ஒரு மைப்படி எடுத்தாள். அமலோற்பவம் ஜன்னலில் இருந்து கத்திக் கத்திக் கற்றுக்கொடுத்த பாடம் அது. எழுத்துகள் வெள்ளையாக எழும்பி வந்தன. அவ்வளவு நாளில் அவள் நோட்டில் சங்கு அடித்துச் செல்லாத ஒரு வரி கிடைத்திருந்தது.

பதினேழாம் தேதி காலையில் புதிய மனுவோடு வந்தாள். ‘பணி ஓய்வு வயதைக் கடந்த படிக்கட்டுக்கு உடனடியாக ஓய்வளிக்க வேண்டுதல்.’ கடைசியில் இப்படி எழுதியிருந்தாள். ‘இணைப்பு: ஒன்று, மைப்படி. இரண்டு, மனுதாரர்.’ கோப்புகளைக் கட்டும் பச்சை நாடாவின் ஒரு முனையை மனுவில் கோத்தாள். மறுமுனையைத் தன் நாற்காலியின் கைப்பிடியில் முடிந்தாள். பிறகு படிக்கட்டின் முதல் படியில் மனுவை வைத்துவிட்டு, அதற்கு எதிரில் சக்கரத்தைப் பூட்டி உட்கார்ந்தாள். சகாயராஜ் பக்கத்தில் உட்கார்ந்தான்.

ஏறுகிறவர்கள் சுற்றிக்கொண்டு ஏறினார்கள். சிலர் என்னவென்று கேட்டார்கள். கேட்டவர்களில் பாதிப் பேர் ஏறாமல் அங்கேயே உட்கார்ந்தார்கள். ஒருத்திக்கு ஆஸ்துமா. ஒருவன் பந்தயத்தில் கணுக்காலைப் பெயர்த்துக்கொண்டவன். கணிதத் துறையில் ஏழு மாதக் கர்ப்பிணியாக ஒரு விரிவுரையாளர் இருந்தார். அவரும் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு உட்கார்ந்தார். இத்தனை பேருக்கு அந்தப் படிக்கட்டு மூச்சு வாங்க வைத்தது என்று அதுவரை யாருக்கும் தெரியாது. மூச்சு வாங்கும்போது பேச முடியாது அல்லவா.

பன்னிரண்டு மணிக்குக் கண்காணிப்பாளர் மங்கையர்க்கரசி மேலே கைப்பிடிச் சுவரின் ஓரத்தில் வந்து நின்றார். மேலே இருந்ததால் முழுப் பெயரோடு இருந்தார். மனு அலுவலகத்துக்கு வந்து சேரவில்லை என்று அறிவித்தார்.

பூங்கோதை நிமிர்ந்து பார்த்தாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

“மேடம், படிக்கட்டோட கால் இங்க இருக்கு. தலை உங்ககிட்ட இருக்கு. ஒருத்தர் கால்ல வச்சுக் கொடுத்த மனு அவர் தலைக்கும் வந்து சேர்ந்ததுதானே?”

கண்காணிப்பாளர் உள்ளே போனார். விதிப் புத்தகத்தின் பக்கங்கள் புரள்வது நாற்பது நிமிடம் கேட்டது. பிறகு அவர் கையில் முத்திரையோடு வெளியே வந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து, மேல் படியில் ஓங்கி ஒரு குத்து குத்தினார்.

‘பெறப்பட்டது’ என்ற முத்திரை கீழே பூங்கோதையின் மனுவில் விழுந்தது. மை ஈரமாக இருந்தது.

“விதியில் தடை இல்லை” என்றார் கண்காணிப்பாளர். அவர் கண்களும் ஈரமாக இருந்தன. ஆனால் அதைப் பற்றி விதியில் ஒன்றும் சொல்லப்படவில்லை.

முதல்வர் கோபாலரத்தினம் ஆணையில் கையெழுத்துப் போட இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டார். கெட்டவர் இல்லை. படிக்கட்டு இல்லாத ஒரு கல்லூரியை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். கடைசியில் படிக்கட்டையே கேட்டுவிடலாம் என்று வந்து, நடுப்படியில் உட்கார்ந்து, உங்களுக்குச் சம்மதமா ஐயா என்று கேட்டார். நாற்பத்தொரு படிகளும் ஒரே நேரத்தில் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டன. எழுபத்தொரு வருடமாகத் தன்னை எல்லோரும் மிதித்துக்கொண்டிருந்ததைப் பற்றி அது ஒரு வார்த்தை சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை. முதல்வர் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் பிரிவுபசார விழா. எல்லோரும் கீழே கூடினார்கள். முதல் படிக்குச் சால்வை போர்த்தினார்கள். கைப்பிடிக் கம்பிக்கு மாலை. சகாயராஜ் மாணவர்கள் சார்பில் பேசினான். தன் உடைந்த பல்லைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. படிக்கட்டின் பதினேழாவது படியில் ஒரு சின்னக் குழி இருப்பதையும் அதில் கால் வைத்தால் பாதியைக் கடக்கப்போகிறோம் என்று தெரியும் என்பதையும் சொன்னான். குழு புகைப்படம் எடுத்தார்கள். சரியாக நாலரைக்குப் படிக்கட்டு பதிவேட்டில் கையெழுத்துப் போட்டது. படிகளை ஒன்றின் கீழ் ஒன்றாக மடித்துக்கொண்டது. ஒரு பெட்டி அளவுக்கு ஆயிற்று. வாசலைத் தாண்டிப் போய் டவுன் பஸ்ஸுக்கு நின்றது. கண்டக்டர் கைகொடுத்து ஏற்றிக்கொண்டார்.

அப்போதுதான் மேலிருந்து முதல்வரின் குரல் கேட்டது. விழா உரையில் கடைசிப் பத்தியைத் திருத்த அவர் மாடிக்குப் போயிருந்தார்.

“நான் எப்படி இறங்கறது?”

எல்லோரும் பூங்கோதையைப் பார்த்தார்கள். ஏன் தன்னைப் பார்க்கிறார்கள் என்று அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது.

“ஒரு மனு எழுதி, நேர்ல கொண்டு வாங்க சார்” என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. முதல்வர் ஜன்னலுக்கு வந்து நின்றார். அவர் முகம் மாறுவதைப் பூங்கோதை கீழே இருந்து தெளிவாகப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை. ஒரு கணக்கின் விடையைத் திடீரென்று கண்ட முகம். அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. கூடவே, பாவம் என்றும் இருந்தது. கேன்டீனில் சொல்லிக் கயிற்றில் கட்டி இட்லி அனுப்பச் சொன்னாள்.

அடுத்த இரண்டு நாள் கல்லூரி முழுக்கக் கீழே நடந்தது. ஆயிரத்து நானூறு பேரும் வேப்பமரத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஆயிரத்து நானூறு பேருக்கும் கீழ்நோக்கிய அம்புக்குறி. வரலாற்றைக் கீழே நடத்தினார்கள். அது விலங்கியலாக மாறவில்லை. அமலோற்பவம் கத்தாமல் பாடம் நடத்தினார். அவருடைய குரல் உண்மையில் மிகவும் மெல்லியது என்று அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. மில் சங்கு ஊதும்போது நிறுத்தி, ஓய்ந்ததும் வென்றவர் பெயரைச் சொன்னார். பூங்கோதை முப்பத்தேழு போர்களையும் முடித்துவைத்தாள்.

முதல்வருக்குப் பதிவேட்டில் மேல்நோக்கி அம்புக்குறி போட வேண்டியதாயிற்று. அதையும் கூட்ட வழியில்லை. இருபதாம் தேதி காலை கயிற்றில் ஒரு சுற்றறிக்கை இறங்கி வந்தது. அம்புக்குறி எந்தத் திசையில் இருந்தாலும் அந்த ஆள் வந்ததாகவே கொள்ளப்படும். பழைய அம்புக்குறிகளுக்கும் இது முன் தேதியிட்டுச் செல்லும். பூங்கோதை அதை மூன்று தடவை படித்தாள். பிறகு சகாயராஜுக்கு வாசித்துக் காட்டினாள். அவன் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னான்.

அன்று மதியமே காலிப் பணியிடத்துக்கு நேர்காணல். தேர்வுக் குழுவில் கண்காணிப்பாளர், சகாயராஜ், பூங்கோதை மூவரும் இருந்தார்கள். அந்தக் கல்லூரியில் ஏறுவதைப் பற்றி இவர்கள் அளவுக்கு யோசித்தவர்கள் வேறு யாருமில்லை என்று கண்காணிப்பாளர் குறிப்பு எழுதியிருந்தார். இப்போது அலுவலகமும் கீழேதான் இருந்தது. அதனால் அவர் பெயர் கீழேயும் முழுசாக இருந்தது. பூங்கோதை மட்டும் அவரை அக்கா என்றே கூப்பிட்டாள்.

முதலில் ஒரு சுழல் படிக்கட்டு வந்தது. சினிமாவில் வேலை பார்த்த அனுபவம் உண்டாம். பேசிக்கொண்டே சுற்றியதில் சகாயராஜுக்குத் தலை சுற்றியது. அடுத்து இரண்டு ஏணிகள், அண்ணன் தம்பி. பிறகு மூடிப்போன ஜவுளிக்கடையிலிருந்து ஒரு லிஃப்ட் வந்தது. கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்று பூங்கோதை கேட்டாள். லிஃப்ட் நெடுநேரம் பேசவில்லை. நேர்மையான பதில் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அதை உதவியாளர் பணிக்குக் குறித்துக்கொண்டார்கள்.

கடைசியாக ஒரு சரிவு வந்தது. தாமதமாகத்தான் வந்தது. அவசரப்பட்டால் அது சரிவாக இருக்க முடியாது. சிமெண்ட் நிறம், நிதானமான பேச்சு. உங்கள் தகுதி என்ன என்று கண்காணிப்பாளர் கேட்டார்.

“பன்னெண்டு அடி போனா ஒரு அடி ஏறுவேன். அதுக்கு மேல என்னால முடியாதுங்க.”

“அது போதும்” என்றாள் பூங்கோதை. அவள் வேறு எதுவும் கேட்கவில்லை.

சகாயராஜ் மட்டும் ஒன்று கேட்டான். பதவி உயர்வு வந்தால் என்ன செய்வீர்கள்? சரிவு யோசித்தது. வந்தால் அகலமாகிக்கொள்கிறேன் என்றது.

மாடி அப்போது இருபது அடி உயரத்தில் இருந்தது. அதனால் சரிவுக்கு இருநூற்று நாற்பது அடி தேவைப்பட்டது. திருப்பத்தில் இளைப்பாற ஒதுக்கிய இடங்களையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். கேன்டீனைச் சுற்றி, நூலகத்தை ஒட்டி, வேப்பமரத்தை வளைத்துக்கொண்டு அது அன்று சாயங்காலமே போய்ப் படுத்தது. மூன்று திருப்பங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் சமதளமாக ஓர் இடம். அதற்கு முன்னால் காலில் நெருடும்படி சொரசொரப்பாக ஒரு பட்டை. இரண்டு பக்கமும் கைப்பிடி.

மறுநாள் காலை கல்லூரியே நின்று பார்த்தது. பூங்கோதை சக்கரத்தில் கையை வைத்தாள். நாற்காலி ஏறியது. தள்ளத் தள்ள ஏறியது. தோள்பட்டை வலித்தது. அந்த வலி அவளுக்குப் பிடித்திருந்தது. சகாயராஜ் பக்கத்தில் நடந்து வந்தான். முதல் திருப்பத்தில்தான் அவள் கவனித்தாள், அவன் பேசிக்கொண்டே வருகிறான். தன் அக்கா கல்யாணத்தைப் பற்றி, விடுதிச் சாம்பாரைப் பற்றி, ஒரு வெண்பாவைப் பற்றி. மூன்று வருடமாக ஏறும்போதெல்லாம் அவன் எண்ணிக்கொண்டே இருந்தான். இன்று எண்ண ஒன்றும் இல்லை.

இரண்டாவது திருப்பத்தில் எதிரே முதல்வர் இறங்கி வந்தார். மூன்று நாள் தாடி. இருவரும் சமதளத்தில் நின்றார்கள். அவர் எதையோ சொல்லத் தேடினார்.

“மேல காத்து நல்லா வரும்மா” என்றார். பிறகு ஓரமாக ஒதுங்கி வழி விட்டார்.

மூன்றாவது திருப்பத்தில் பின்னால் காலிபர் சத்தம் கேட்டது. பூங்கோதை திரும்பிப் பார்த்தாள். தேவகுஞ்சரி வந்துகொண்டிருந்தாள். சரிவின் அடியில் கால் வைத்தபோது பினோஃபாரில் இருந்தாள். முதல் திருப்பத்தில் தாவணி. இரண்டாவதில் பன்னிரண்டாம் வகுப்புச் சீருடை. பூங்கோதையை எட்டிப் பிடித்தபோது சுடிதாரும் கைப்பையுமாகப் பழைய உயரத்துக்கு வந்திருந்தாள். கழுத்தில் மட்டும் தண்ணீர் பாட்டில் தொங்கியது. அதைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டுப் பூங்கோதைக்கு நீட்டினாள்.

வரலாற்று வகுப்பறை வராந்தாவின் கடைசியில் இருந்தது. அன்று வராந்தா வழக்கத்தைவிடக் குட்டையாக இருந்தது. வாசற்படியையும் எடுத்திருந்தார்கள். அமலோற்பவம் கதவருகில் நின்றார். உள்ளே நாற்பது பேர் பெஞ்சுகளை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். எங்கே நகர்த்துவது என்று தெரியாமல் இங்கும் அங்கும் நகர்த்தினார்கள்.

“நீ எங்கம்மா உட்காரணும்?” என்று அமலோற்பவம் மெல்லிய குரலில் கேட்டார்.

பூங்கோதை வகுப்பறையைப் பார்த்தாள். முன்வரிசையில் கரும்பலகை தெளிவாகத் தெரியும். ஜன்னலோரம் காற்று வரும், முதல்வரே சொல்லியிருக்கிறார். கடைசி வரிசையில் அரட்டை அடிக்கலாம். மின்விசிறிக்கு நேர் கீழே ஓர் இடம் இருந்தது. இத்தனை இடங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அவளுக்குப் புதிய வேலையாக இருந்தது. அவள் நிதானமாக யோசித்தாள். நாற்பது பேரும் பெஞ்சுகளைப் பிடித்தபடி காத்திருந்தார்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

“கடைசி பெஞ்ச், மேடம்” என்றாள்.